நிற்காத முன்சக்கரம்

காரை விட்டுக் கழன்ற முன்சக்கரம் அன்றிலிருந்து நிற்கவே இல்லை. ஊருக்குள் உருண்டுகொண்டே இருந்தது. யாரும் தள்ளிவிடவில்லை, தெருக்களில் பெரிய சரிவும் கிடையாது. தண்ணீர்த் தொட்டி வளைவில் தொடங்கி, கடைத்தெரு வழியாகப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு, பட்டறை வாசலைக் கடந்து மறுபடி வளைவுக்கே போகும். முதல் மாதம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. இரும்பு வியாபாரி ஒருவர் மடக்கிப் பிடிக்கப்போய் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். மணல் மூட்டை போட்டார்கள், ஏறி இறங்கிப் போனது. பிறகு என்ன செய்வது, பழகிவிட்டது. போக்குவரத்துக் காவலர் அது வரும்போது கையைக் காட்டி மற்ற வண்டிகளை நிறுத்தினார். நாய்கள்கூடத் துரத்துவதை விட்டுவிட்டன.

அது பிரிட்டிஷ்காரன் செய்த பழைய கார். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை இல்லை. பல் மருத்துவர் ஒருவர் எங்கோ கோழிக் கொட்டகையில் கிடந்ததை வாங்கி வந்து பட்டறையில் இறக்கியபோது, அடிச்சட்டத்தை விரலால் குத்தினால் துரு உதிர்ந்தது. அண்ணன் தம்பி இருவருமாக அதற்கு உயிர் கொடுத்தார்கள். எஞ்சினும் அடிப்பாகமும் மூத்தவர் பொறுப்பு; தகரம் தட்டி நிமிர்த்துவது இளையவன் வேலை; இருக்கைகளுக்குத் தோல் தைத்தவள் இளையவனின் மனைவி, அப்போது நிறைமாதக்காரி. அந்தக் காரின் சக்கரத்துக்கு நாலு போல்ட் கிடையாது. நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. அதைச் செம்புச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். இடது பக்கத்து மரையும் வலது பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டியிருப்பதால், வண்டி ஓட ஓட அது தானாக இன்னும் இறுகும். முதல் ஓட்டத்துக்கு இளையவன் கிளம்பினான். வளைவில் இடது முன்சக்கரம் கழன்றது, கார் தொட்டிச் சுவரில் மோதியது, அவன் அங்கேயே போய்விட்டான். சாலையில் கிடந்த நட்டைப் போலீசார் எடுத்துப் பார்த்தார்கள். மரை தேயவில்லை, காது உடையவில்லை. சரியாகத் தட்டி இறுக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். தட்டியவன் இளையவன்தான், எல்லோரும் பார்த்தார்கள். மூத்தவரைக் கேட்டபோது, "அவன் எப்பவுமே கொஞ்சம் அவசரக்காரன்" என்று மட்டும் சொன்னார். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

அப்பன் முகம் பார்க்காமல் ஒரு பெண் பிறந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'கழண்ட நட்டு'. சக்கரம் பள்ளியைச் சுற்றும் நேரத்தில் பிள்ளைகள் சன்னலுக்கு ஓடிப்போய், "உங்கப்பா வர்றாரு, எழுந்து நில்லு" என்பார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, "அப்பா ஏம்மா ஒழுங்கா இறுக்கல? நம்மள நெனச்சுப் பாக்கலயா?" என்று கேட்டாள். தாயும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், எத்தனையோ இரவுகள், செத்தவனைத் திட்டித் தீர்த்தபடி. மூத்தவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். மூன்று வேளையும் அவளுடைய அடுப்பில்தான் அவருக்குச் சாப்பாடு. குடும்பத்தைக் கைவிடாத மனிதர் என்று அவள் அவர்மீது உண்மையான மரியாதை வைத்திருந்தாள்.

பல் மருத்துவர் காரைத் தலைமுழுகிவிட்டார். மூத்தவர் மட்டும் விடவில்லை. நசுங்கிய மூக்கை நிமிர்த்தினார், கதவுக்குள் இருக்கும் மரச்சட்டத்தைப் புதிதாக இழைத்துப் போட்டார், இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சாக இழுக்கிறதா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டார். ஓடாத காருக்கு மாதாமாதம் எண்ணெய் மாற்றினார். அதுவும் வஞ்சனை இல்லாமல் மாதாமாதம் ஒழுகியது. எல்லாம் முடிந்து ஒரு சக்கரம்தான் பாக்கி. வேறு சக்கரம் வாங்கி மாட்டினால், ராத்திரி நின்ற இடத்திலேயே நட்டு தானாகச் சுழன்று, காலையில் சக்கரம் தரையில் கிடக்கும். பழைய நட்டுதான் காரணம் என்று சொல்லிப் புது நட்டுக்கு எழுதிப் போட்டார்.

பொட்டலத்தில் ஒரு சோடி வந்தது. பட்டறையில் தோல் தைத்துக்கொண்டிருந்த இளையவனின் மனைவிதான் பிரித்தாள். ஒன்றில் இடது, இன்னொன்றில் வலது என்று பொறித்து, கழற்றும் திசைக்கு அம்புக்குறியும் போட்டிருந்தது. இடது முன்பக்கம் மண்டியிட்டிருந்த மூத்தவர் திரும்பாமலே கையை நீட்டினார்.

"வலதுன்னு போட்டிருக்கிறத எடும்மா."

அவள் எடுத்துவிட்டு நின்றாள். "இது இடது பக்கம்தானே மாமா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் இடது நட்டை எடுத்து அந்த அச்சில் வைத்துத் திருப்பினாள். மரை பிடிக்கவே இல்லை. காரைச் சுற்றிப் போய் வலது சக்கரத்தின் பழைய நட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றிவிட்டு, அதே இடது நட்டை அங்கே வைத்தாள். வெண்ணெய் போல ஏறியது.

"அச்சு முனை ரெண்டும் இடம் மாறிக் கிடக்குதா?"

மூத்தவர் எழுந்திருக்கவில்லை. காரை முதலில் பிரித்தபோது, முன்னச்சின் மரை வெட்டிய இரண்டு முனைகளையும் கழற்றி ஒரே தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினாராம். இளையவன் அடையாளத்துக்குக் கட்டியிருந்த துணி அவிழ்ந்துபோனதாம். பழைய நட்டுகளில் இருந்த அம்பும் எழுத்தும் முலாம் பூசக் கொடுத்த இடத்தில் தேய்ந்துவிட்டனவாம். லாரிக்குப் பழகிய கை, இடது வலது பார்க்காமல் மாட்டிவிட்டது. அப்படி மாட்டினால் ஓட ஓட இறுகாது. ஓட ஓடக் கழலும்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"காரை இழுத்துட்டு வந்த அன்னிக்கே."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எம் பொண்ணு அப்பனை வெறுத்துட்டு வளர்றா. நானும் வெறுத்தேன். ஒங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டே வெறுத்தேன்" என்றாள். பிறகு, "கழட்டி மாத்துங்க. ஊர்ல சொல்லுங்க" என்றாள்.

"மாத்தினா அந்தச் சக்கரம் நின்னுடும்னு தோணுதும்மா. அப்புறம் அவன்னு சொல்ல ஒண்ணும் இருக்காது."

இதை அவளும் யோசித்தாள். வாசலைக் கடக்கும்போது அது லேசாக மெதுவாகும். வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். அந்த ஒரு கணத்துக்காகத் தினமும் கதவருகே நிற்பவள். "நிக்கட்டும்" என்றாள்.

மூத்தவர் அச்சு முனைகளை மாற்றிப் பொருத்தினார். டீக்கடையில் போய் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அதன் பிறகு யாரும் அவரிடம் வண்டி விடவில்லை. அதற்காக ஊர் பழையதை மறந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இளையவனை இன்றைக்கும் சிலர் அவசரக்காரன் என்றுதான் சொல்கிறார்கள், நாக்கு பழகிவிட்டது. அவள் மூத்தவருக்கு மூன்று வேளையும் தட்டில் போட்டு வைக்கிறாள், பக்கத்தில் நின்று பரிமாறுவதில்லை, பேசுவதில்லை.

அவர் டீக்கடையில் சொன்ன அன்று சாயங்காலம் சக்கரம் வழக்கமான நேரத்துக்கு வந்தது. வாசலைக் கடக்காமல் பட்டறைக்குள் திரும்பி, ஜாக்கியில் நின்ற காரின் இடது அச்சில் தானே ஏறிக்கொண்டது. நட்டை வைத்துத் தட்டியவள் அவள். மகளைப் பக்கத்தில் நிறுத்தி, சுத்தியலைக் கையில் கொடுத்துக் கடைசி அடியை அடிக்கச் சொன்னாள்.

"அப்பாவும் இப்படித்தான் தட்டினாராம்மா?"

"இதவிட நல்லாவே தட்டினாரு."

சக்கரம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. தரையைத் தொடாமல், அதே வேகத்தில், இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. சுற்றச் சுற்ற நட்டு இறுகுகிறது. காரை ஜாக்கியிலிருந்து இறக்க வழியில்லை, இறக்கவும் இல்லை. சில நாள் பார்த்துவிட்டு அவள் தையல் இயந்திரத்தை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சக்கரத்திலிருந்து இயந்திரத்துக்கு ஒரு தோல் பட்டையை மாட்டினாள். இப்போது அவள் மிதிப்பதில்லை. மகளின் பள்ளிச் சீருடை முழுக்க அதில் தைத்ததுதான்.