ஆறடிக்கு மேல் தெளியாத கேமரா

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, புதுவாயலில் ஸ்டீபன் வீட்டு முன்னறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஸ்டீபன் கட்டில் விளிம்பில். அவர் மனைவி கிறிஸ்டினா தரையில். மடியில் துணி விரித்து அதன்மேல் இரண்டு பழைய லென்ஸ்கள். கேமரா விற்க வந்த அன்புராஜ் வாசற்படியருகே பிளாஸ்டிக் முக்காலியில். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த ஒரே நாற்காலியில் நான், சுப்பராயன். கும்மிடிப்பூண்டியில் ஸ்டீபன் வேலை செய்யும் கம்பி ஆலையில் தரப் பரிசோதகன். அளவு பார்ப்பவன் என்பதால்தான் அந்த நாற்காலி எனக்கு.

லென்ஸ்கள் காயலாங்கடையில் கிடைத்தவை. திருகி மாட்ட வேண்டும். வளையத்தைக் கையால் திருப்பித்தான் படத்தைத் தெளிய வைக்க வேண்டும். கிறிஸ்டினா ஒரு ஸ்டுடியோவில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். சொந்தமாக ஆர்டர் எடுக்க அவளுக்கு ஒரு கேமரா வேண்டும். உள்ளே கண்ணாடியில்லாத 'மிரர்லெஸ்' கேமராக்கள் வந்தபின் பழைய டிஜிட்டல் எஸ்எல்ஆர் விலை இறங்கியிருந்தது. அன்புராஜ் வேறு வேறு கம்பெனியின் இரண்டு கேமராக்களையும், லென்ஸை இணைக்கும் வளையங்களையும் கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டும் நல்ல ஐட்டம் சார். இதுக்கு மட்டும் டப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

"ஜாஸ்தின்னா, பிரியாணி ஆக்கிப் போடுமா?" என்றார் ஸ்டீபன்.

நான் வெர்னியரை எடுத்து லென்ஸின் மரையையும் கேமரா வாயின் விட்டத்தையும் அளந்தேன். விலை குறைந்ததில் வளையம் ஆட்டமில்லாமல் உட்கார்ந்தது. கிறிஸ்டினா கட்டிலருகே போய் ஸ்டீபனை ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

"இந்த மூஞ்சிய இவ்ளோ தெளிவா காட்டலாமாண்ணா?"

"இதையே வாங்கும்மா," என்றேன்.

அன்புராஜுக்குத் தேநீர் வந்தது. நான் கேமராவோடு வாசலில் நின்று நெடுஞ்சாலையைப் பார்த்தேன். லாரிகள் வெறும் கறையாகத் தெரிந்தன. வளையத்தைக் கடைசிவரை திருப்பினேன். ஆறடி வரை தெளிவு. அதற்கு அப்பால் எதுவும் தெளியவில்லை. அப்போதுதான் புரிந்தது. அகலத்தை அளந்த நான், லென்ஸுக்கும் உள்ளே படம் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கவில்லை. இந்தக் கம்பெனி கேமராவில் அந்தத் தூரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடுதல். மற்றக் கேமராவில் இந்தத் தொல்லை இருந்திருக்காது. அது இன்னும் அன்புராஜின் பையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும்.

"சார் கை வெச்சி அளந்துட்டா அப்புறம் அப்பீலே கெடையாது," என்று உள்ளே ஸ்டீபன் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேமராவைக் கிறிஸ்டினாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவளுக்கு முதல் ஆர்டரும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். திருவாலங்காட்டில் என் மைத்துனன் வரதன் மகளுக்கு நிச்சயதார்த்தம். முந்தின நாள் கிறிஸ்டினா போன் செய்தாள்.

"அண்ணா, தூரத்துல வெச்சா வளையம் முட்டிக்கினு நிக்குது. படம் கலங்குது."

"கண்ணை ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடும்மா," என்றேன். இதை நான்தான் சொன்னேன்.

படங்களில் மோதிரம் மாற்றிய விரல்கள் அழகாக விழுந்திருந்தன. பந்தலில் நின்ற நாற்பது உறவினர்களில் ஒருவருக்கும் முகமில்லை.

"இன்னா மாமா, நீங்க சொன்னீங்களேன்னு கூப்ட்டேன்," என்றான் வரதன் போனில். "அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குது போல. தை மாசக் கல்யாணத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்."

நான் பேச்சை மாற்றி, நெல் அறுப்பு ஆரம்பித்தாயிற்றா என்று கேட்டேன். மறுநாள் நானே கூப்பிட்டேன். அப்போதும் மழையைப் பற்றித்தான் பேசினேன்.

அந்த வாரம் கிறிஸ்டினா புதுக் கண்ணாடியோடு ஆலை வாசலுக்கு வந்தாள்.

"இதப் போட்டா தலவலிதாண்ணா மிச்சம். உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

"உன் கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. அந்தக் கேமராவும் லென்ஸும் சேரல."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "இது உங்களுக்கு எப்போண்ணா தெரியும்?"

"இப்பதாம்மா."

"அப்போ நீங்க மட்டும் இன்னா பண்ணுவீங்க," என்றாள். எனக்காக அவள் வருத்தப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆலையில் குறையுள்ள கம்பி ஒன்று வெளியே போய்விட்டால் தாள் ஒன்று எழுதுவோம். என்ன குறை, யார் கண்டது, எப்போது கண்டது, கண்டும் ஏன் விடப்பட்டது. அந்தக் கடைசிக் கேள்விக்கு இதுவரை மற்றவர்களைத்தான் பதில் எழுத வைத்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அதே வரிசையில் வரதனுக்குக் கடிதம் எழுதினேன்.

"படங்கள் கெட்டதற்குக் கிறிஸ்டினா காரணமில்லை. கேமராவைத் தேர்ந்தெடுத்தவன் நான். குறையைக் கண்டவனும் நான். வாங்கிய அன்றே, விற்றவர் தேநீர் குடித்து முடிக்கும் முன்பே கண்டேன்."

கண்டும் விட்டதற்குக் காரணம் என்ற இடத்தில் 'மறதி' என்று எழுதினேன். அடித்துவிட்டு 'வெட்கம்' என்று எழுதினேன். பிறகு அதையும் விளக்கினேன்: "அளப்பவன் தப்பாக அளந்தான் என்று அந்த அறையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேமராவை மாற்றித் தருவது என் பொறுப்பு. கல்யாணத்துக்கு அவளையே கூப்பிடு. இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அவளிடமும் உண்மையைச் சொல்லியிருப்பேன்."

கடைசி வாக்கியம் எழுதும்போது உண்மையாக இல்லை. கடிதம் போய்ச் சேருமுன் அதை உண்மையாக்கியாக வேண்டும் என்பதற்காகவே எழுதினேன். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் தபால் நிலையத்தில் உறையை ஒட்டி நீட்டினேன்.

"திருவாலங்காடா? பக்கம்தானே சார், போன்ல சொல்லிடலாமே," என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"சொல்லிப் பாத்துட்டேன்."

"நாளைக்குப் போய்ரும்." அவர் முத்திரை குத்தி உறையைப் பைக்குள் போட்டார்.