தலையாட்டாத ஒருத்தன்

கேக் பெட்டியைத் திறந்ததும் லண்டன் நோர்பரியில் பெசிமின் வீட்டில் விழுந்த அமைதிக்கு முழுப் பொறுப்பும் நிர்மலனையே சேரும். வாழ்த்தைத் தடபுடலாகச் செய்ய ஆசைப்பட்டவரும் அவர்தான். பேக்கரியில் போய் "கொடி போட்டுத் தாங்கோ" என்றவரும் அவர்தான். எந்தக் கொடி என்று கடைக்காரன் கேட்டபோது, போனில் தேடி முதலில் வந்த படத்தைப் பெருமையோடு நீட்டியவரும் அவரேதான்.

சிவப்பில் மஞ்சள் சூரியன். வட மசிடோனியாவின் கொடி. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அந்த நாட்டுக்காரர்கள்தான், ஆனால் அங்கே சிறுபான்மையான அல்பேனியர்கள். கலியாணத்துக்கு அவர்கள் காரில் கட்டிப் பறக்கவிடும் கொடியும் சிவப்புத்தான். அதில் இருப்பதோ இரண்டு தலைக் கறுப்புக் கழுகு.

நிர்மலனின் மனைவி தயாளினி அவர் காதுக்குள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உங்கட பிறந்தநாளுக்கு ஒருத்தன் சிங்கக்கொடி போட்ட கேக் கொண்டந்தா எப்பிடி இருக்கும்?"

இலங்கையில் சிறுபான்மையாய்ப் பிறந்த துயரத்தைப் பற்றிப் பேசிப் பேசியே ஆயிரம் தேத்தண்ணியை ஆறவிட்ட மனுசன் நிர்மலன். அடுத்தவனும் சிறுபான்மையாக இருக்கக்கூடும் என்பது மட்டும் அவர் தலையில் ஏறவில்லை.

காப்பாற்றியது பெசிம்தான். கத்தியை எடுத்துச் சூரியனின் நடுவிலே இறக்கினான். "இதுவும் எங்கட நாடுதானே, அண்ணை. இந்தச் சூரியனுக்கும் நாங்கள் வரி கட்டினனாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நிர்மலன் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

நிர்மலன் டைல்ஸ் ஒட்டுகிறவர், பெசிம் பிளம்பர். ஒரே வான் வண்டியில் தென்லண்டன் முழுக்கக் குளியலறை கட்டித் திரிகிறவர்கள். இருவருக்கும் இடையில் ஓடுவது ஆங்கிலம் என்று அவர்கள் நம்புகிறார்கள். வெள்ளைக்காரர் யாரும் அதை உறுதிப்படுத்தியதில்லை. அதை இங்கே தமிழில் எழுதினால் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வரும். அண்ணை என்ற சொல்லை மட்டும் பெசிம் உண்மையாகவே தமிழில் சொல்வான்.

கேக்குக்குக் காரணம், ஊரிலிருந்து வந்த ஓர் அழைப்பு. பெசிமின் மாமா காலத்துச் சின்ன அல்பேனியக் கட்சி, இப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறது. அடுத்த தேர்தலுக்கு டெட்டோவோ நகரில் நிற்க அவனைக் கேட்டிருந்தார்கள்.

நிர்மலன் வாழ்த்திவிட்டார். அதன் பிறகுதான் கணக்குப் பார்த்தார். லூயிஷாமில் டாக்டர் மாதவன் ஒரு பழைய கட்டடத்தை வாங்கியிருந்தார். அத்தனை பிளாட்டுக்கும் புதுக் குளியலறை. இருவரும் இத்தனை வருடம் காத்திருந்த வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். பெசிம் போனால் அந்த வேலை யாரை நம்பி?

"போறியோ, நிக்கிறியோ?" என்று வானுக்குள் கேட்டார்.

"பாப்பம், அண்ணை."

மறுநாள் மிட்சம் பகுதியில் ஒரு வீட்டில், ஷவர் குழாயைப் பிடித்துக்கொண்டு மீண்டும் கேட்டார்.

"ட்ரிட்டாவோட கதைக்கவேணும்." ட்ரிட்டா அவன் மனைவி. அவளிடம் கேட்டால், "பெசிமிட்டத்தான் கேக்கவேணும்" என்றாள்.

"இன்னும் நாமினேசனே போடேல்ல, அதுக்குள்ள அரசியல்வாதி மாதிரிக் கதைக்கத் தொடங்கிட்டான்," என்று நிர்மலன் வீட்டில் புலம்பினார்.

வியாழக்கிழமை சுவரில் பசையைப் பூசிக்கொண்டே வேறு பக்கத்தால் வந்தார். "நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காத. நீங்கள் நாலில ஒரு பங்கு சனம். ஒருநாளும் தனிய ஆட்சிக்கு வர ஏலாது. பிறகு எதுக்கு இந்தக் கட்சி?"

"ஆட்சிக்கு வாற அல்பேனியக் கட்சி ஒண்டு எப்பவும் இருக்கும், அண்ணை. பெரிய கட்சி எதுவோ, அது எங்கட ஆக்களில ஒரு கூட்டத்தைப் பக்கத்தில வச்சுக்கொள்ளும். அவையளுக்கு மந்திரிக் கதிரை, கறுப்புக் கார்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். பள்ளிக்கூடத்தில எங்கட பாஷை வந்ததும் அப்பிடிக் கொஞ்சம் உள்ள இருந்ததாலதான். ஆனா காரில ஏறினவன் மெல்ல மெல்லத் தலையாட்டப் பழகிடுவான். எல்லாத்துக்கும் ஓம். அப்ப வெளிய இருந்து, 'டேய், எதுக்கு ஓமெண்டனி?' எண்டு எங்கட பாஷையிலேயே கேக்க ஒருத்தன் வேணும். அவ்வளவுதான் வேலை."

நிர்மலனின் கையிலிருந்த பசை காயத் தொடங்கியது. அவருக்குத் தலையாட்டிகள் பலரைத் தெரியும். கறுப்புக் காரில் போன சிலர் அவருடைய சொந்தத் தெருக்காரர்கள்.

"நல்ல வேலைதான்," என்றார். "பிறகென்ன, போறியோ?"

"பாப்பம்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவன் முடிவெடுக்காமல் இல்லை. லூயிஷாம் வேலையை நிர்மலனின் தலையில் கட்டிவிட்டுப் போவதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நிற்கிறான். கிழமை முழுக்கப் 'போறியோ, போறியோ' என்று கேட்டவர், கேட்ட ஒவ்வொரு முறையும் 'போகாதே' என்றுதான் கேட்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் தலையாட்டாமல் இருக்கப் போகிறவன், இங்கே ஒரு டைல்ஸ்காரனின் முகத்துக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

கையைத் துடைத்தார். அவன் முன்னாலேயே மாதவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார்.

"டாக்டர், லூயிஷாம் வேலையை எடுக்கிறம்."

"ஆமாவா? ரொம்ப சந்தோஷம். அந்த அல்பேனியன் தம்பியும் வருவார்ல?"

"வசந்தம் வரைக்கும் அவர். அதுக்குப் பிறகு என்ர மருமகன் ஜெனோசன்."

"நல்லா பண்ணுவாரா?"

நிர்மலன் கண்ணை மூடிக்கொண்டார். ஜெனோசன் பூட்டிய சிங்க் ஒன்று கீழ்வீட்டுக்காரரின் சோபாவை நனைத்து அதிக காலமாகவில்லை. "பழக்கி எடுப்பன், டாக்டர்."

போனை வைத்தார். பெசிம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"ஜெனோசனோ? அண்ணை, உங்களுக்கு விசரோ?"

"விசர்தான். நீ தோத்தா திரும்பி வா, வானில உன்ர சீற் இருக்கும். வெண்டாலும் நாலு வருசத்தில தோப்பாய்தானே." அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தொட்டி இருவரின் பாரத்துக்கும் முனகியது. "இப்ப என்ர முகத்தைப் பாக்காமச் சொல்லு. போறியோ, இல்லையோ?"

பெசிம் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"போறன், அண்ணை. பயமாத்தான் இருக்கு. ஆனா போறன்."