தொப்புள் இல்லாத ஆள்

தலை வெண்டலினுடையது. கழுத்துக்குக் கீழே இருந்தது யாருடையது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஹூபர்ட்டின் துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நின்றது அந்தச் சுவரொட்டி. சிவப்புக் கம்பளிக் கால்சட்டை, முக்காலி மேல் ஒரு கால், சட்டை இல்லாத மேலுடம்பு, தலையில் கிறிஸ்துமஸ் குல்லா. வயிறு படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. பேருந்து நிறுத்தத்திலும் அதே படம், பால் சங்கத்து வாசலிலும் அதே படம்.

வெண்டலின் மாடல். மியூனிக் கடைகளின் பட்டியல் புத்தகங்களில் மேலங்கிக்கும் மழைக்கோட்டுக்கும் நின்றே வாலிபத்தைக் கழித்தவன். நரைத்த பிறகு இன்னும் அதிகமாகக் கூப்பிட்டார்கள். அந்த மூஞ்சிக்கு அப்படி ஒரு ராசி. கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. இருந்தது ஒரு நடுவயது வயிறு. பனிச்சறுக்கில் விழுந்து மண்ணீரலை எடுத்தபோது நெஞ்சுக்குழியிலிருந்து கீழ்வரை கீறித் தைத்த தழும்பு, அதற்கு இடப்பக்கம் பிதுங்கித் தொங்கும் சதை. கூடப் படித்தவன் கேட்கிறானே என்றுதான் ஹூபர்ட்டுக்காகச் சட்டையைக் கழற்றி நின்றான். அன்றைக்கு ஹூபர்ட் முதுகில் தட்டி, பிரமாதம் என்றுதான் சொன்னான்.

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் வரை எங்கள் ஊரே ஒரு நாட்காட்டி. ஒவ்வொரு சாயங்காலமும் முறை வைத்து ஒரு வீட்டு ஜன்னல் திரை விலகும். உள்ளே நட்சத்திரமோ குடிலோ ஒளிரும். கீழே தெருவில் நின்று சூடான மசாலா ஒயின் குடிப்போம். அப்படி முதல் ஜன்னல் திறந்த அன்றைக்கே வெண்டலின் போய்க் கேட்டான்.

“ஹூபர்ட், அந்தப் படத்துல இருக்கிற வயிறு யாருதுடா?”

ஹூபர்ட் கோப்பையை ஆற்றிக்கொண்டே, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னான். “எங்கிருந்தோ வாங்கினது. கோவிச்சுக்காதடா. உன் மூஞ்சிக்குத்தான் காசு குடுத்தேன். உன் வயித்தப் போட்டா சனங்க கம்பளி வாங்க வராது, ஆஸ்பத்திரிக்கு விளம்பரம்னு நெனச்சுக்கும்.”

தெரு முழுக்கச் சிரித்தது. வெண்டலினும் சிரித்து வைத்தான். பல்லைக் காட்டுவது அவனுக்குத் தொழில்தானே.

சிரிப்பு அங்கேயே போயிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை சவுனாக் குளியலுக்கும் வந்தது. ஊர் மன்றத்தின் கீழ்த்தளத்தில், அனல் பறக்கும் அந்த மர அறையில், ஆணும் பெண்ணும் பிறந்த மேனியாகத்தான் உட்காருவோம். தபால்காரரின் மூட்டு வீக்கம், அன்னெலீஸ் அக்காவின் மூன்று பிரசவத்து வயிறு, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் பார்ப்பதில்லை. வெண்டலினின் தழும்பையும் அப்படித்தான் வருடக்கணக்காக யாரும் பார்க்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் பார்த்தார்கள். மேல்பலகையில் இருந்த தபால்காரர், “என்னப்பா, கடையில மாட்டின வயித்த வீட்டுக்கு எடுத்துட்டு வரலியா?” என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் சொல்லிவிட்டார்.

வெண்டலின் துண்டை எடுத்து நெஞ்சுவரை சுற்றிக்கொண்டான். எங்கள் ஊரில் துண்டு சுற்றி உட்காருவது வெளியூர்ச் சுற்றுலாக்காரர்கள் மட்டும்தான். வியர்வை துடைக்காமலே எழுந்து போனவன், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. வீட்டில் குளிக்கும்போதுகூட விளக்கை அணைத்தான். தன் வயிற்றைத் தன்னிடமிருந்தே ஒருவன் பிடுங்கிக்கொண்டான் என்ற எரிச்சல் அவனைத் தூங்க விடவில்லை. ஹூபர்ட்டை அடித்தால் ஆறுமா என்று யோசித்தான்; அடித்தால் ஒரு வாரத்தில் வீக்கம் வற்றிவிடும். அது போதாது.

டிசம்பர் பதின்மூன்றாம் தேதி, லூசியா திருநாள் ஜன்னல் அந்த வருடம் வெண்டலினுக்கு விழுந்திருந்தது. அவன் வீட்டு மாடி ஜன்னல் ஹூபர்ட்டின் கடைக்கு நேர் எதிரே. ஜன்னல் குழுவுக்குத் தலைவர் ஹூபர்ட். திறந்த ஜன்னல் எதுவானாலும் ஜனவரி ஆறாம் தேதி மூவரசர் திருநாள் வரை தினமும் மாலையில் எரிந்தாக வேண்டும் என்று விதி போட்டவனும் அவனே. போன வருடம் அன்னெலீஸ் அக்கா ரொட்டிக்கடை அடுப்பு வேலையில் விளக்கேற்ற மறந்ததற்கு, தேவாலயப் பூசை முடிந்து வந்த கூட்டத்தின் நடுவே நிறுத்தி அவளைக் கண்டித்தான். வெண்டலினின் மனசில் இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு திட்டமானபோது, பல நாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டான்.

மறுநாள் ரோஸ்வீட்டாவிடம் போனான். அவள் கல்யாணங்களையும், அதைவிட அதிகமாகக் கண்காட்சிப் பசுக்களையும் படம் எடுப்பவள். அவளுடைய ஸ்டுடியோ பழைய மாட்டுக் கொட்டகை.

“அதே முக்காலி, அதே நிப்பு, அதே குல்லா. துணி மட்டும் வேண்டாம்” என்றான்.

“முழுசாவா?”

“முழுசா. கீழ நிக்கிற கூட்டத்துல பிள்ளைங்களும் இருக்கும். அதனால இதைப் பிடிச்சுக்கறேன்.” நாலு மெழுகுவர்த்தி செருகிய தேவதாரு வளையத்தைக் காட்டினான்.

ரோஸ்வீட்டா ஹீட்டரை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் உடுப்பைக் களைந்து, வளையத்தை இடுப்புக்கு நேரே பிடித்து நின்றான். நின்ற மாத்திரத்தில் வயிறு தானாக உள்ளே போனது. தொழில் பழக்கம். ஐந்தாறு படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவள் கேமராவைத் தாழ்த்தினாள்.

“எக்காதே வெண்டலின்.”

“எக்கலியே.”

“நெஞ்சு காத்தடிச்ச பலூன் மாதிரி இருக்கு, எக்கலியாம். நான் எத்தனை பசுவ எடுத்திருக்கேன் தெரியுமா? ஒண்ணுகூட என்னப் பாத்து வயித்த உள்ள இழுத்ததில்ல. தொங்கறது தொங்கும், அது பாட்டுக்கு வைக்கோல் தின்னும். அதான் பரிசு வாங்குது.”

“எனக்குப் பரிசு வேண்டாம். ஹூபர்ட் சாகணும்.”

“சாகட்டும். அந்தக் கோவத்த மூஞ்சில வை. வயித்துல வைக்காதே, பாவம் அது.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் மூச்சு விட்டுப்போனது, வயிறு தளர்ந்து தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. தழும்பு நீளமாக, வெள்ளையாக, ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது. அவள் எடுத்துவிட்டாள். திரையில் பார்த்தபோது, எத்தனையோ வருடங்களில் முதல் தடவையாக ஒரு படத்தில் தான் இருப்பதாக வெண்டலினுக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் கோபத்தைக் குறைக்கவில்லை. அதற்கு நல்ல தெம்பு கொடுத்தது.

லூசியா அன்று சாயங்காலம் தெரு நிறைந்திருந்தது. திறப்பு முறை எப்போதும் ஒன்றுதான்: தலைவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்பார், மணியை ஆட்டி, “ஜன்னல் திறந்தது” என்பார், எல்லோரும் பார்த்த பிறகுதான் அவர் திரும்புவார். ஹூபர்ட் கழுத்துவரை பொத்தான் போட்ட பச்சைக் கோட்டில் நின்று மணியை ஆட்டினான். மாடியில் ரோஸ்வீட்டா திரையை இழுத்தாள். வெண்டலின் கூட்டத்துக்குள் நின்றான். 

ஜன்னல் முழுக்க விரித்த மெல்லிய துணியில் அச்சடித்த படமாக, பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில், குல்லாவும் தேவதாரு வளையமும் போக வெறும் வெண்டலின் நின்றான்.  ஹூபர்ட் கூட்டத்தின் முகங்களையே மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் மேலே பார்த்தார்கள், பிறகு எதிரே கடைக் கண்ணாடியைப் பார்த்தார்கள், மறுபடி மேலே பார்த்தார்கள்.

அன்னெலீஸ் அக்காதான் முதலில் பேசினாள். “மேல இருக்கிறது நம்ம வெண்டலின். சரி. எதிர்ல நிக்கிறானே, அவனுக்குத் தொப்புளக் காணோமே?”

எல்லோரும் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வாரமாக அந்த வழியே போய் வந்த ஒருவரும் கவனிக்கவில்லை. அடுக்கடுக்கான அந்த வயிற்றில், இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை. யாரோ கணினியில் இழைத்து இழைத்து அதைத் தேய்த்தே விட்டிருந்தார்கள்.

“அம்மா பெத்த பிள்ளையில்லக்கா அது. தொழிற்சாலையில செஞ்சது” என்றார் தபால்காரர்.

“ஹூபர்ட், அந்தக் கால்சட்டை தொப்புள் இருக்கிறவங்களுக்குப் பொருந்துமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தெரு வெடித்துச் சிரித்தது. இந்தத் தடவை வெண்டலின் பல்லைக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தான். ஹூபர்ட் திரும்பி மேலே பார்த்தான். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்தான்.

“அந்த விளக்க அணை.”

“மூவரசர் திருநாள் வரைக்கும் எரியணும் தலைவரே. விதி உங்களது.”

மறுநாளே பேருந்து நிறுத்தத்துச் சுவரொட்டியில் பள்ளிப் பிள்ளைகள் மையால் தொப்புள் வரைந்தார்கள். அதற்கு அடுத்த நாள் அது மூன்று தொப்புளானது. கடையில் கூட்டம் வந்தது, ஆனால் வாங்க இல்லை. ஹூபர்ட் எல்லாச் சுவரொட்டியையும் கழற்றினான். அப்புறமும் எதிர் ஜன்னல் தினமும் எரிந்தது. வெள்ளிக்கிழமை வெண்டலின் சவுனாவுக்குப் போனான். துண்டை ஆணியில் மாட்டிவிட்டு வெற்றுடம்போடு உள்ளே நுழைந்தான். தபால்காரர் நகர்ந்து இடம் விட்டு, பால் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எவர் கண்ணும் அவன் வயிற்றில் நிற்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். வெண்டலின் விடுகிற மாதிரி இல்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மத்தியானம் ஹூபர்ட் அவன் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே வந்தும் உட்காரவில்லை.

“உனக்கு என்னதான்டா வேணும்? உன் சொந்த வயித்தோட புதுசா அடிச்சு ஒட்டறேன், போதுமா?”

“வேண்டாம். நாளைக்குக் கடைசி ஜன்னல் உன்னது. நீயே நில்லு. சிவப்புக் கால்சட்டை, மேல சட்டை இல்லாம. அப்ப நான் என் விளக்க அணைக்கறேன்.”

ஹூபர்ட் மேலங்கிக் கழுத்தைக் கையால் இறுக்கிக்கொண்டான். “அது என்னால முடியாது.”

“ஏன், உனக்கும் தொப்புள் இல்லியா?”

ஹூபர்ட் கதவைச் சாத்தினான். பிறகு மேலங்கியைத் திறந்து, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். நெஞ்சின் நடுவே ஒரு சூப்புக் கிண்ணம் கவிழ்த்துப் பதித்த அளவுக்குக் குழி. எலும்பே உள்ளுக்குள் போயிருந்தது. வெண்டலினுக்கு எல்லாம் விளங்கியது. பள்ளியில் நீச்சல் வகுப்பன்று ஹூபர்ட்டுக்குச் சளி பிடிக்காத வாரமே கிடையாது. சவுனாவின் சூடு அவன் இதயத்துக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஊரே நம்பியது.

“பொறந்ததுலேர்ந்து. என் பொண்டாட்டிகூட வெளிச்சத்துல பாத்ததில்ல” என்றான் ஹூபர்ட். “பாத்தா சனங்க எப்படிப் பாக்கும்னு எனக்குத் தெரியும்டா. உன்ன அப்படிப் பாக்க வேண்டாம்னுதான் மறைச்சேன்.”

“எனக்கு நல்லதுன்னு செஞ்சவன் அத்தனை பேர் முன்னாடி சிரிச்சிருக்க மாட்டான்.”

 ஹூபர்ட் சட்டை திறந்தபடி நின்றான். வெண்டலின் அவசரப்படவில்லை. தன் வயிற்றை அந்த மர அறையில் எவ்வளவு நேரம் பார்த்தார்களோ, அவ்வளவு நேரம் அந்தக் குழியைப் பார்த்தான். இப்போது இவனுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று இந்த ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று நினைத்தான். இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. இனித்தது.

“பொத்தானப் போட்டுக்கோ ஹூபர்ட். வெளியில குளிர்.”

“விளக்கு?”

“எரியும்.”

மறுநாள் அந்திப்பொழுதில், கிறிஸ்துமஸ் இரவு தொடங்கும் முன், கடைசி ஜன்னலுக்காக எல்லோரும் ஹூபர்ட்டின் கடை முன் கூடினோம். குடில்தான் வைத்திருந்தான். கழுத்துவரை பொத்தான் போட்டு, மணியோடு கூட்டத்தைப் பார்த்து நின்றான். அவன் கண் முழுக்க வெண்டலினின் வாயிலேயே இருந்தது. அந்தக் குழியைப் பற்றி ஒரு வார்த்தை போதும். மூவரசர் திருநாளுக்குள் பள்ளத்தாக்கு முழுக்கப் போய்விடும். வெண்டலினுக்கு அது நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும், அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த விடுதலையை ஹூபர்ட்டுக்குக் கொடுக்க அவனுக்கு மனசில்லை.

“என்ன, ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா? நேத்து ஹூபர்ட் உன் வீட்டுக்குப் போனதப் பாத்தேன்” என்றாள் அன்னெலீஸ் அக்கா.

“ராசிதான்க்கா” என்றான் வெண்டலின், முன்வரிசைக்குக் கேட்கிற மாதிரி. “இப்பல்லாம் ஹூபர்ட் என்கிட்ட ஒண்ணையும் மறைக்கறதில்ல.”

ஹூபர்ட்டின் மணி ஆட ஆரம்பித்துப் பாதியில் நின்றது. யாராவது வெண்டலினை மேற்கொண்டு ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.  வெண்டலின் அக்காவிடம் இன்னொரு கோப்பை ஒயின் வாங்கி, ஆற அமரக் குடித்தான்.