சீட்டு எழுதாத புத்தகம்

ஊனாவுக்கு ஒரு நாவல் பிடித்துப்போனால், சின்ன அட்டையில் பச்சை மையால் நாலு வரி எழுதி, தன் புத்தகக் கடையில் அந்தப் புத்தகத்துக்குக் கீழே அலமாரி விளிம்பில் ஒட்டிவிடுவாள். 'முதல் ஐம்பது பக்கம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அடுப்பில் எதையும் வைத்துவிட்டு உட்காராதீர்கள். - ஊனா.' அவ்வளவுதான். டப்ளின் செய்தித்தாள்களின் மதிப்புரையை அயர்லாந்தின் அந்தத் துறைமுக ஊரில் யாரும் சட்டை செய்வதில்லை. கடைக்குள் நுழைந்ததும் ஊனாவின் சீட்டைத்தான் தேடுவார்கள்.

டோனலின் நாவலுக்குக் கீழே சீட்டு இல்லை.

ஊனாவின் மகள் ரோஷீன் மறுபடியும் போய்ப் பார்த்தாள். இல்லை. மூன்று மணிக்கு டோனல் இதே கடையில் தன் முதல் நாவலை வாசிக்கப்போகிறான். பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வருடக்கணக்கில் எழுதியது. அவனும் ரோஷீனும் பழக ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. ஞாயிறுதோறும் அம்மா வீட்டில்தான் அவனுக்கு மதியச் சாப்பாடு. அம்மா பரிமாறுவாள், மழையைப் பற்றிக் கேட்பாள், அதோடு சரி. அவனைப் பிடித்திருக்கிறதா என்று இதுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்தச் சீட்டாவது அதைச் சொல்லிவிடும் என்று ரோஷீன் நம்பியிருந்தாள்.

"அம்மா, இன்னும் சீட்டு எழுதல."

"எழுதல," என்றாள் ஊனா, நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டபடி.

"படிச்சியா, இல்லையா?"

"எப்பவோ படிச்சாச்சு."

"பிடிக்கலையா?"

"அடுப்புல ஸ்கோன் ரொட்டி கருகற வாசனை வருது, போய்ப் பாருடி."

இதற்கு மேல் என்ன கேட்பது? அம்மாவின் பிடிவாதம் ஊருக்கே தெரியும். சொந்தத் தம்பி மார்ட்டின் தேனீ வளர்ப்பைப் பற்றிப் புத்தகம் போட்டபோதுகூட அவள் சீட்டு எழுதவில்லை. அந்தக் கோபத்தில் மார்ட்டின் மாமா இரண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பக்கமே வரவில்லை.

ஸ்கோன் கருகவில்லை. ரோஷீனுக்குத்தான் வயிறு எரிந்தது.

டோனல் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். வணக்கம் சொல்வதற்கு முன் அவன் கண் அலமாரிக்குப் போனது.

"சீட்டு இல்ல போல."

"மை தீந்துபோச்சாம்."

"பொய் சொல்லாத ரோஷீன். பக்கத்துப் புத்தகத்துக்குப் புதுசா எழுதியிருக்காங்க. பச்சை இன்னும் காயக்கூட இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "அவங்களுக்கு என்னைப் பிடிக்கல. அதை எத்தனை நாளைக்கு உருளைக்கிழங்கோட சேத்து முழுங்கறது? நாளைக்குச் சாப்பாட்டுக்கு வரல. கார்க் நகரத்துப் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்களே, அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிடப்போறேன். நீ வந்தா சந்தோஷம்."

"இப்பவா இதைச் சொல்லணும்? இப்பவா?"

"வேற எப்பச் சொல்றது? வாசிச்சு முடிச்சதும் எல்லாரும் கை தட்டும்போதா?"

கை தட்ட ஆள் வேண்டுமே. மூன்று மணிக்கு நாற்பது நாற்காலிகளில் இரண்டில்தான் ஆள் இருந்தது. மழைக்கு ஒதுங்கிய ஒரு ஜெர்மன் தம்பதி, ஈர மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், மடியில் ஊர் வரைபடத்தோடு. கல்யாணம், சாவு எதற்கும் தவறாத இந்த ஊர் ஜனங்கள் இன்று எங்கே தொலைந்தார்கள்?

மேசையில் விற்பனைக்கு வைத்த நாவல்களும் ஏழெட்டுதான் இருந்தன.

"மத்த பெட்டியெல்லாம் எங்கம்மா?"

"வித்துப்போச்சு."

"யாருக்கு?"

"வாங்கினவங்களுக்கு," என்று சொல்லிவிட்டு ஊனா பின்கட்டு அடுக்களைக்குத் தேநீர் போடப் போய்விட்டாள்.

டோனல் வாசிக்கத் தொடங்கினான். சீசன் முடிந்த பிறகும் ஒரு தங்கும் விடுதியைவிட்டுப் போக மறுக்கும் விருந்தாளியின் கதை. ஜெர்மன்காரர் பணிவோடு தலையாட்டினார். புரிந்ததா என்று கடவுளுக்குத்தான் தெரியும். ரோஷீனுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை போலிருந்தது.

அப்போது கதவு மணி அடித்தது. உயிர்காப்புப் படகு ஓட்டும் பேட்ஜோ, சட்டைக்குள்ளிருந்து நனையாமல் ஒரு புத்தகத்தை உருவியபடி நுழைந்தார்.

"மன்னிச்சுக்கோ தம்பி. கடைசி அத்தியாயத்தை இப்பதான் வண்டியில உக்காந்து முடிச்சேன். முடிக்காம இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு ஊனா ஆர்டர் போட்டுட்டா."

அவர் உட்காருவதற்குள் மணி மறுபடியும் அடித்தது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஒவ்வொருவர் கையிலும் மூலை மடங்கிய ஒரு பிரதி. மருந்துக்கடை மிஸஸ் கில்ராய் குடையை மடக்குவதற்கு முன்பே சண்டைக்கு வந்தாள்.

"ஏன்யா, அந்த விருந்தாளியைப் போய்க் கடைசியில அப்படி அனுப்பிட்டியே! உனக்கு மனசாட்சி இருக்கா?"

"ஐயோ சொல்லாதீங்க! எனக்கு இன்னும் எட்டுப் பக்கம் இருக்கு!" என்று கதவோரம் நின்றபடியே படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அலறினாள்.

ரோஷீன் நேராக அடுக்களைக்குப் போனாள்.

"இதெல்லாம் உன் வேலையா?"

"படிக்காம வந்து தலையாட்டிட்டுக் கையெழுத்து வாங்கிட்டுப் போவாங்க. எழுதினவனுக்கு அதுவாடி மரியாதை?"

"காலி நாற்காலிக்கு வாசிக்க வச்சது மரியாதையா? அவன் கார்க்குக்கே போறேங்கறான், தெரியுமா?"

ஊனாவின் கை கெட்டிலில் நின்றது. முகம் விழுந்துவிட்டது. "கார்க்குக்கா? தப்புதான்டி. எல்லாரும் மூணு மணிக்குள்ள முடிச்சிடுவாங்கன்னு நெனச்சேன். கில்ராய் இவ்வளவு மெதுவாப் படிப்பாள்னு யாருக்குத் தெரியும்?"

"ஊர்ல ஒருத்தர் விடாம கையில திணிச்சிருக்க. ஒரு சீட்டு எழுதறதுக்கு என்ன கேடு?"

"இது என்ன கேள்வி? சொந்தக்காரங்க புத்தகத்துக்கு நான் என்னைக்கு எழுதியிருக்கேன்? கூடப்பொறந்த மார்ட்டினுக்கே எழுதல. மாப்பிள்ளைக்கு எழுதினா ஊரே சிரிக்காதா?"

ரோஷீனுக்குப் பின்னால் ஒரு கோப்பை சாஸரில் கடகடவென ஆடியது. தேநீர் கேட்டு வந்த டோனல் நிலைப்படியில் நின்றிருந்தான்.

"மாப்பிள்ளையா?" என்றான்.

"நாங்க இன்னும் அதைப் பத்திப் பேசவே இல்லம்மா!"

"ரெண்டு வருஷமா என் வீட்டுல சாப்பிடறான். நீங்க பேசறதுக்கு நான் காத்திருந்தா எனக்கு எழுபது ஆயிடும்."

"அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"ஏன், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேக்காமலே ரெண்டாவது தடவை உருளைக்கிழங்கு வைக்கறேனே, அது எதுக்காம்? மார்ட்டினுக்கு ஒரு தடவைதான்."

வெளியே மிஸஸ் கில்ராய், "எழுத்தாளர் ஓடிட்டாரா?" என்று கத்தினாள்.

டோனல் கோப்பையை நீட்டினான். காது வரைக்கும் சிவந்திருந்தான். "நாளைக்குச் சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"எப்பவும் போல ஒரு மணிக்கு," என்றாள் ஊனா, தேநீரை ஊற்றியபடி. "கொஞ்சம் முன்னாடியே வா. அந்தப் பதினாலாவது அத்தியாயம் ரொம்ப இழுவை. அதைப் பத்தி உங்கிட்ட நிறையப் பேசணும்."

ரோஷீன் குளிர்பெட்டியின் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.