சம்பாவின் எடை

மின்தராசில் எழுபத்து மூன்று என்று எரிந்தது. நாகநாதன் நாயை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி நின்று, இன்னொரு முறை பார்த்தார். எழுபத்து மூன்றேதான். தன் எடை அறுபத்து நாலைக் கழித்தால் ஒன்பது. போன ஞாயிற்றுக்கிழமையும் இதே ஒன்பதுதான். ஒரு வாரம் முழுக்க முட்டையும் ஈரலும் தயிர்ச்சோறும் போட்டும் நூறு கிராம் ஏறுவேனா என்கிறது.

"ஏன்டி, திங்கிறதெல்லாம் எங்கடி போவுது?" என்றார் அதன் தொங்கு காதில். சம்பா அவர் தாடையை நக்கியது.

வலங்கைமான் சாலையில் இருந்த அந்த நெல் கொள்முதல் நிலையத்தில் அவர் இருபத்தாறு வருஷமாக எடை போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஆள் இருக்காது. படுதா மூடின நெல் குவியல்களும், அவற்றுக்குக் காவலாகச் சுமைக்காரர் செல்லதுரையும் மட்டும்தான். செல்லதுரைக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, நாய் உருண்டு திரண்டு பீப்பாயாட்டம் நிக்கிது. நீங்க என்னடான்னா கொறையுதுங்கிறீங்க."

"கண்ணால எட பாக்குறதா இருந்தா கவர்மெண்டு எதுக்குய்யா தராசு வாங்கி வைக்குது? முடி அது. அந்த ஜாதிக்கு முடி சாஸ்தி."

சொல்லிவிட்டு இன்னொரு முறை மனசுக்குள் கழித்துப் பார்த்தார். வருகிற ஐப்பசியில் சம்பாவுக்கு ஒரு வயது முடிகிறது. அதற்குள் பன்னிரண்டரை கிலோ வந்தாக வேண்டும். தமிழ்நிலா அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறாள்.

தமிழ்நிலா அவருடைய ஒரே மகள். கும்பகோணத்தில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் காலேஜ் பைக்குள் இரண்டு மாதக் குட்டியைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். முற்றின நெல்லின் நிறத்தில் இருந்ததால் சம்பா. "காக்கர் ஸ்பேனியல்ப்பா. ரொம்பப் பெருசும் இல்ல, பொடிசும் இல்ல, நடுத்தரம். எட ஏறவும் விடக்கூடாது, எறங்கவும் விடக்கூடாது" என்று போனைப் பார்த்துப் படித்துக்காட்டி, மாதவாரியாக ஓர் அட்டவணை போட்டு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினாள். ஒரு பக்கம் இருக்கவேண்டிய எடை, மறுபக்கம் இருக்கும் எடையை எழுதக் காலி இடம். கடைசி வரியில் 'ஒரு வயசு, பன்னிரண்டரை, பர்த்டே!' என்று எழுதி ஒரு பலூன் வரைந்திருந்தாள். குட்டி தராசில் தனியாக நிற்காமல் குதித்து ஓடியதால், தூக்கிக்கொண்டு ஏறலாம் என்று வழி சொன்னவர் நாகநாதன்தான். "நான்தான் சாக்குன்னு வச்சுக்க. சாக்கு எடைய ஒருக்காப் பாத்துக்கிட்டா போதும், மூட்டைக்கு மூட்டை கழிச்சுக்கிட்டே போவலாம்" என்றார். 'அப்பா, அறுபத்து நாலு' என்று தாளின் தலையில் எழுதிக்கொண்டாள்.

மூன்று வரிதான் அவள் நிரப்பினாள். நாலு நாள் காய்ச்சல். ரத்தத்தில் ஏதோ தட்டணு குறைகிறது, குறைகிறது என்றார்கள். அவ்வளவுதான், பிள்ளை போய்விட்டது. என்னத்தைச் சொல்ல! நாலாவது வரியிலிருந்து அவள் எழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்துதான்.

மனைவி ரெத்தினம் சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். ஒரு வேளை உலை வைத்து, ஒரு தட்டில் போட்டு வைத்துவிட்டு, "நான் அப்பவே சாப்புட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வாள். நாகநாதன் இரண்டு வாய் வைப்பார். மூன்றாவது தொண்டையில் நிற்கும். மீதியை அப்படியே கொல்லைக்கு எடுத்துப்போய்ச் சம்பா முன்னால் வைப்பார். அது லபக் லபக்கென்று தின்பதைப் பார்க்கும்போதுதான் தனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் வாய்க்கால் மதகு வரைக்கும் கூட வந்த சம்பா பொத்தென்று படுத்துவிட்டது. நாக்கு வெளியே தொங்கிற்று. கூப்பிட்டதற்கு வால் மட்டும் அசைந்தது. போச்சு, இதுவும் போகப்போகிறது என்றுதான் நினைத்தார். வாரித் தூக்கிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவில் பாபநாசத்துக்குப் பறந்தார்.

"என்ன போட்டாலும் எட ஏறவே மாட்டேங்குதுங்க. ஒன்பது கிலோதான் இருக்கு. எதா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க டாக்டர்" என்றார், கால்நடை மருத்துவர் அப்துல் வஹாபிடம்.

டாக்டர் சம்பாவின் விலாவில் விரலை வைத்து அழுத்தி எலும்பைத் தேடினார். அகப்படவில்லை. தரையோடு பதித்திருந்த தராசில் அதைப் படுக்கவைத்தார். பதினெட்டு கிலோ நானூறு.

"உங்க தராசு கோளாறுங்க. நான் எடை போடுறவன், எனக்குத் தெரியும்."

"அப்படியா? சரி, நீங்க ஏறுங்க. பாத்துடுவோம்."

ஏறினார். ஐம்பத்து நாலு அறுநூறு.

இரண்டையும் கூட்ட அவருக்குத் தாளும் பேனாவும் வேண்டியிருக்கவில்லை. எழுபத்து மூன்று, பிசகாமல் எழுபத்து மூன்று. மூட்டை ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. சாக்குதான் இற்றுப்போயிருந்தது. தராசை விட்டு இறங்கத் தெரியாமல் அங்கேயே நின்றார்.

"அண்ணே, நீங்க சாப்புடுறீங்களா இல்லையா?" என்று அவருடைய ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்துக் கேட்டார் டாக்டர்.

"அவ எழுதி வச்ச கணக்குங்க" என்றார் நாகநாதன். "என் புள்ள... அவ சொல்லிட்டுப் போனது இது ஒண்ணுதான். இதக்கூட நான்..." துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்துல் வஹாப் அவர் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். அழுது முடிக்கிறவரை காத்திருந்துவிட்டுத்தான் சொன்னார். "நடந்தத விடுங்க. இன்னும் ரெண்டு கிலோ ஏறுனா இதுக்கு மூட்டும் தாங்காது, மூச்சும் தாங்காது. இனிமே நான் எழுதித் தர்ற அளவுதான், ரெண்டே வேளை. அது கெஞ்சும். கதவப் பிராண்டும். மனசு எளகி உங்க தட்டுலேருந்து ஒரு வாய்கூடப் போட்றாதீங்க. உங்க சோத்த நீங்க சாப்புடுங்க. அதுதான் அதுக்கும் மருந்து."

வீட்டுக்கு வந்ததும் சம்பாவுக்கு அளந்த தீனியை வைத்தார். நாலே வாயில் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. அதைக் கொல்லையில் விட்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ரெத்தினம் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்தாள்.

"உக்காரு. இன்னொரு தட்டு எடு."

"நான் அப்பவே..."

"பொய் சொல்லாத ரெத்தினம். நானும் பொய்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்." டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு தட்டை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். அவரே அவளுக்குச் சோறு போட்டு, மீன்குழம்பை ஊற்றினார்.

முதல் வாய் எடுப்பதற்குள் கதவில் சத்தம் கேட்டது. முதலில் ஒரு முனகல், பிறகு பிராண்டல். நிறுத்தி, மறுபடி பிராண்டல். வாசனை போயிருக்கும்.

"ஏங்க, ஒரு வாய் குடுத்துடலாங்க. அவ தூக்கிட்டு வந்த உசுருங்க அது."

"குடுத்துக் குடுத்துத்தான் கொல்லப் பாத்தேன்."

அவள் கேட்காமல் எழப் போனாள். நாகநாதன் எச்சில் கையோடே அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சுற்றிப் பிடித்த விரல்கள் ஒன்றைத் தாண்டி ஒன்று மடங்கின, அவ்வளவு மெலிந்திருந்தாள். இத்தனை நாள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம்!

"தின்னு" என்றார். "எனக்கும் எறங்கலதான். தின்னு."

அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். அவரும் வைத்தார். மெல்ல மெல்லக் கண்ணீர் தட்டிலேயே விழுந்தது, இருவரும் துடைத்துக்கொள்ளவில்லை. வெளியே பிராண்டல் ஓய்ந்து, நீளமாக ஓர் அழுகை கிளம்பிற்று. மூன்றாவது வாயை அவர் தண்ணீர் குடித்து விழுங்கினார். ரெத்தினம் குனிந்த தலையோடு அடுத்த கவளத்தைப் பிசைந்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இரண்டு விரற்கடை இடுக்கில், ஈரமான கறுப்பு மூக்கு ஒன்று உள்ளே வரப் பார்த்து முட்டிக்கொண்டே இருந்தது.