ஜன்னலோரத்துப் புல்

பால்காரிக்கு முந்தின நாளிலிருந்தே சோறு இறங்கவில்லை. கண்டக்டர் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் துண்டை நம்பித்தான் அவளுடைய இரண்டு மாடும் ஒரு கன்றும் வயிறு வளர்த்தன. பால் வாங்க வந்த கண்டக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல் தூக்குவாளியைப் பார்த்தபடி, "அடுத்த மாசத்துலேருந்து ரெட்டை வாடகை. கட்டுப்படி ஆகலைன்னா மாட்டை அவுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ரெட்டை வாடகை கொடுத்தால் ஒரு மாட்டை விற்றாக வேண்டும். எதை விற்பது? கொம்பில்லாத மொட்டையையா, ஓயாமல் கத்தும் வாயாடியையா?

பால் ஊற்றி முடித்த கையோடு கண்டக்டர் வீட்டுக் கொல்லைக்குப் போனாள். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன் குழாயடியில் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன மனைவி, குழாயடியை ஒட்டியிருந்த தாழ்வான ஜன்னலுக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்தாள். ஈர விரிப்பு ஒற்றை ஆளுக்கு அடங்கவில்லை. பால்காரி குடத்தை வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள்.

"என்னண்ணே, திடீர்னு ரெட்டை? நிலம் நீண்டுடுச்சா?"

"விலைவாசி நீண்டுடுச்சு."

"என் மாட்டு மடி நீளலையே."

"முப்பது வருஷம் பஸ்ஸுல சண்டை போட்ட வாயி இது. பேசி ஜெயிக்க மாட்டே."

"யாருக்கும் மீதிச் சில்லறை குடுக்காத கையி. அதையும் சொல்லுங்க."

கண்டக்டருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார். விரிப்பிலிருந்து தண்ணீர் வடிந்து இருவர் காலையும் நனைத்தது.

"சரி, பாதி நிலம் போதும்" என்றாள் பால்காரி. இதை அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். "வாய்க்கால் பக்கம் மட்டும் குடுங்க. வீட்டை ஒட்டின பாதியை நீங்களே வச்சுக்குங்க. இப்ப தர்றதுல பாதி தர்றேன்."

"முடியாது."

"ஏண்ணே? ஒரு மாசமா இந்தப் பக்கம் மாடு கட்ட நான் முளையே அடிக்கலையே. புல்லு முட்டிக்கு நிக்குது."

"அதைத்தான் நானும் பாக்கறேன்!" கண்டக்டர் விரிப்பைக் கீழே விட்டார். துவைத்தது மறுபடி மண்ணில் விழுந்தது. "அவ நல்லா நடமாடுற வரைக்கும் தினம் முளையை மாத்தி மாத்தி அடிச்சு ஜன்னல் வரைக்கும் வந்தே. அவ படுத்த அன்னிக்கே மாட்டைத் தூரமா ஓட்டிட்டே. மாடு வராதான்னு நாள் பூரா ஜன்னலையே பாத்துக்கிட்டுக் கெடக்கறா. சீக்காளி வீடுன்னு ஒதுங்கறியா?"

பால்காரி ஈரக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, சாணி நாத்தம் அடிக்குமே, ஈ மொய்க்குமேன்னு ஓட்டினேன். படுத்துக் கெடக்கற அண்ணி எழுந்து விரட்ட முடியுமா?"

கண்டக்டர் குழாயை மூடினார். மூடியிருந்த குழாய்தான் அது.

"அதை வாயைத் தொறந்து கேக்கறதுக்கு என்னண்ணே?"

"வாடகை வாங்கறவன், மாட்டை இங்க கட்டு தாயேன்னு கெஞ்சவா? கோவத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

இப்போது பிடித்தால் பாதி வாடகைக்கே படியும் என்று அவளுக்குள் இருந்த வியாபாரி கணக்குப் போட்டாள். பால்காரி குனிந்து விரிப்பை எடுத்து மண்ணை உதறினாள்.

"பழைய வாடகை. ஒத்துக்கறீங்களா?"

"ம்."

"மொட்டையை ஜன்னல்கிட்ட கட்டறேன். அது சாது, சத்தமே போடாது."

ஜன்னல் கம்பியில் டக் டக்கென்று சத்தம் கேட்டது. இடது கையில் கரண்டியோடு அண்ணி தட்டிக்கொண்டிருந்தாள். கோணிய வாயிலிருந்து வார்த்தை உடைந்து வந்தது. "வா... வாயாடி."

"போச்சு" என்றார் கண்டக்டர். "இனி மத்தியானம் நான் கண்ணசந்த மாதிரிதான்."

"தூக்கம் வேணும்னா ரெட்டை வாடகை வாங்கியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பால்காரி வாய்க்கால் பக்கம் நடந்தாள். வாயாடியை அவிழ்த்துக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு நேர் கீழே முளையை வைத்துக் கல்லால் ஓங்கி அடித்தாள். கயிற்றை ஒரு முழம் கூடுதலாகவே விட்டாள். மாடு கம்பிக்குள் மூக்கை நீட்டி ஒரு கத்துக் கத்தியது. உள்ளே கரண்டி கீழே விழுந்தது. அந்த இடது கை மாட்டின் மூக்கைத் தடவ நீண்டது.