பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு கடிதம்

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. பிள்ளைக்கு மருத்துவப் படிப்பு கிடைத்ததென்று மண்டபம் எடுத்துச் சோறு போட்டார்கள் எங்கள் நகரத்து ஹவுகெட்டோப் பகுதியில் ஒரு வீட்டார். மறுவருடமே பெடியன் படிப்பை விட்டான். அதனால்தான் என் மகள் யதுர்ஷா பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே பல்கலைக்கழகக் கணிதமும் படிப்பதை நான் ஒரு குருவிக்கும் சொல்லவில்லை. ஜூனில் கணிதச் சோதனை; இங்கத்தைய பிள்ளைகள் வாயில் அது மாத்தே. பாஸ் பண்ணினால் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் இப்போதே முடிந்துவிடும். ஒரு வருடம் பிள்ளை அதற்காக மாய்ந்தாள்.

மே தொடக்கத்தில் காய்ச்சலில் கிடந்தபடி ஒரு கடிதம் தந்தாள்.

"அம்மா, பள்ளிக்கூட ஒஃபீசிலை குடுத்திடுங்கோ. மாத்தே சோதனைத் திகதி இதிலை இருக்கு. அண்டைக்கு எனக்கு வேறை சோதனை வைக்க மாட்டினம்."

கொடுக்கத்தான் போனேன். ஒஃபீஸ் மேசையில் வேலைக்கு இருந்தது யார்? தேவிகா! கோயில் வாசலில் ஒருத்தி தும்மினால் நாட்டின் வடகோடி ஹம்மர்பெஸ்ட் வரை செய்தி கொண்டுபோகிறவள். கதவடியிலேயே திரும்பிவிட்டேன். அதே நாளிலா இன்னொரு சோதனை வந்து விழப்போகிறது? கடிதத்தைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, "ஓம், குடுத்தாச்சு" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. கும்பிடப் போனால் கடிதத்தின் வெள்ளை மூலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே தள்ளுவேன். மறுநாளும் நீட்டும். பயமாக இருந்தது.

இங்கே வாய்மொழிச் சோதனை யாருக்கு, எந்தப் பாடத்தில் என்று இரண்டு நாளுக்கு முன்தான் சொல்வார்கள். புதன்கிழமை சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"அம்மா, எனக்கு வரலாற்றிலை வாய்மொழிச் சோதனை விழுந்திட்டுது. வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. மாத்தேயும் அதே நேரம்!" குரல் உடைந்தது. "மே பதினைஞ்சுக்கு முன்னம் கடிதம் கிடைச்சிருந்தால் மாத்தலாமாம். வரவே இல்லையாம். என்ரை அம்மா பொய் சொல்ல மாட்டா எண்டு சொன்னனான்."

அடுப்பை அணைத்தேன்.

"தேவிகா அன்ரி சாப்பிடவும் போகாமல் எல்லா ஃபைலையும் கொட்டித் தேடுறா, அம்மா. எனக்காக அழுறா. ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன், சொல்லுங்கோ. ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

ஐயோ பிள்ளையாரே! நான் கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தேவிகாவிட்டைத்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் கடதாசி புரளும் சத்தம் நின்றுவிட்டது.